அணையாவூர் விளக்கு

வெள்ளிமலை,
9.4.2025

ஜெபீனாவுக்கு,

இன்று 2025ஆம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் தேதி. எனக்கு எழுபத்து மூன்று வயது, நான்கு மாதம், பதினொரு நாள் ஆகிறது. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரம்யாவின் கல்யாணத்துக்கு நீ செய்யப்போகும் கேக்கை நேரில் வந்து பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறாய். மலைப்பாதை வளைவுகளில் பேருந்து ஒரு பக்கம் திரும்பினால் என் வயிறு மறுபக்கம் திரும்புகிறது. முகூர்த்தத்தன்று காலையில் ஒருமுறை இறங்குவேன். ஒரு கேக்குக்காக இன்னொரு முறை இறங்குவதாக இல்லை.

தொலைபேசியில் பேசலாமே என்கிறாய். தொலைபேசியில் மனிதர்கள் யோசிக்காமல் பொய் சொல்கிறார்கள். கடிதத்தில் பொய் சொல்வதற்குக்கூடச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மட்டில் கடிதம் மேல்.

என்னைப் பெரியம்மா என்று எழுதியிருக்கிறாய். ரம்யாவின் தாய் செந்தமிழ்ச்செல்வி என் தங்கை. ஆகவே அவளுக்கு நான் பெரியம்மா. நீ அவளோடு கல்லூரியில் படித்தவள் என்பதால் உனக்கும் அப்படி ஆகிவிட மாட்டேன். ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால் ‘மேடம்’ என்பாய். வேதியியல் துறையில் முப்பத்தோராண்டு அந்தச் சொல்லைக் கேட்டாயிற்று.

நீ கேட்ட புத்தகம் என்னிடம் இல்லை. ரம்யா சிறுமியாக இருந்தபோது விடுமுறைதோறும் அதை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிவந்தேன். பழைய தாள் வாங்குகிறவனிடம் அது போய் வெகுகாலமாகிறது. ஊர்ப்பெயர் ஆட்பெயர் எல்லாவற்றையும் நானே தமிழாக்கிவிட்டதால் மூலப்பெயர்கள் எனக்கே மறந்துவிட்டன. நினைவில் இருப்பது இது: அணையாவூர் ஓர் ஏழடுக்கு மலைநகரம். உச்சியில் ஒரு மண்விளக்கு. உலகத்து வெளிச்சம் முழுவதும் அதற்குள் அடைபட்டுக் கிடப்பதால் அந்நாட்டு வானத்தில் நட்சத்திரமே கிடையாது. கடைசியில் இருவர் மலையேறிச் சென்று ஒரே மூச்சில் விளக்கை ஊதி அணைக்கிறார்கள். வானம் முழுக்க நட்சத்திரம் பூக்கிறது.

மலையைச் செய். படிகளைச் செய். பறக்கும் ஓடங்கள் கேட்பாள், அவற்றையும் செய். விளக்கை மட்டும் விட்டுவிடு. காரணம் கேட்காதே.

வி. விஜயலட்சுமி

*

கள்ளக்குறிச்சி,
16.4.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஜெபீனா எழுதுவது. திட்டிக்கொண்டே அனுமதி கொடுத்ததற்கு நன்றி. இனிமேல் பெரியம்மாதான்.

எங்கள் ஊரில் இந்த மாதிரி கேக் செய்வது எவ்வளவு பாடு தெரியுமா? போன தையில் ஒரு பெண் தனக்குப் பிடித்த கதையில் வருகிற டிராகன் வேண்டும் என்றாள். சர்க்கரை மாவில் செதில் செதிலாக ஒட்டி, இறக்கைக்குக் கம்பி கொடுத்து, ஒரு வாரம் வேலை. மண்டபத்தில் வைத்த உடனே பெண்ணுடைய சித்தப்பா, “இன்னாம்மா இது, கேக்கு மேல பல்லி வுழுந்துகினுகீது” என்றார். கிழக்கே விழுந்ததா, தெற்கே விழுந்ததா என்று பலன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் அப்சல்தான், “பல்லி இல்லீங்க, அது உடும்பு, உடும்புக்குப் பலன் கெடையாது” என்று சமாளித்தார்.

ரம்யாவுடைய கேக் அப்படி இருக்காது. கீழ் நான்கு அடுக்கு தெர்மாகோல், மேலே மூன்றும் முட்டை போடாத கேக். மாப்பிள்ளை பிரவீன்குமார் வீட்டில் முட்டை ஆகாதாம். ரம்யா தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து படிக்கட்டுகளை அவளே வெட்டித் தருகிறாள்.

விளக்கை விடச் சொன்னீர்கள் என்று அவளிடம் சொன்னேன். கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “ஜெபீ, ஓடம் வேணான்னா வுட்டுடு, படி வேணான்னா வுட்டுடு. வெளக்கு இல்லாட்டி அது வெறும் கேக்கு. எனக்கு அது தேவையே இல்ல” என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் புத்தகம் அவளுக்குக் கண்ணிலேயே நிற்கிறது பெரியம்மா. பச்சைத் துணி அட்டையாம், ஒரு மூலையை எலி கடித்திருக்குமாம், திறந்தால் ஆய்வகம் மாதிரி ஒரு நெடி அடிக்குமாம்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். உச்சியில் நிஜமான அகல். பின்னால் கறுப்புத் துணி, அதில் சர்க்கரைக் கண்ணாடியில் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் சின்ன பல்பு. மண்டபத்து விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் அகலை ஊதியதும் அப்சல் சுவிட்சைப் போடுவார். அப்சல் மட்டும், “கல்யாணத்துல வெளக்க ஊதலாமா? அவங்க ஆளுங்க ஒத்துப்பாங்களா?” என்று கேட்டார். பிறந்தநாளைக்கு மெழுகுவத்தி ஊதுகிறார்களே, அதுபோலத்தானே?

தப்பு இருந்தால் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள்
ஜெபீனா

*

கள்ளக்குறிச்சி,
3.6.2025

பெரியம்மாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வந்தீர்களாம். மண்டபத்து வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டீர்களாம். பந்தல்காரர் சொன்னார். ரம்யா உள்ளே மாடியறையில்தான் இருந்தாள். பத்துப் படி ஏறியிருந்தால் பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை வரவேற்பில் நடந்ததை நானே சொல்கிறேன்.

கேக்கைக் கொண்டுவந்து வைத்தபோது எல்லாரும் கிட்டே வந்து நின்றார்கள். பிரவீனுடைய அம்மாகூட, “நம்ம கல்ராயன் மல மாதிரியே கீதும்மா” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அகலை ஏற்றினோம். மண்டபத்தை இருட்டாக்கினோம். ரம்யாவும் பிரவீனும் குனிந்தார்கள். ஊதினார்கள்.

அணைந்ததும் அந்தத் திரி புகைந்த வாசனை வந்தது பாருங்கள், அதில்தான் எல்லாம் மாறிப்போனது. பிரவீனுடைய அம்மா அலறினார். “அய்யோ, யாருடி வெளக்க ஊதனது? கல்யாண வூடா, எழவு வூடா? இது சாவு வூட்டு வெளக்குடி!” அவருடைய தம்பி மாயவன் ஓடிப்போய் எல்லா டியூப்லைட்டையும் போட்டுவிட்டார். “கேக்குக்காரி யாரு? எந்த ஊர் பழக்கம் இது?” என்று என்னைத் தேடினார். என் வாப்பா சாதுல்லா என் தோளைப் பிடித்து, “வாய மூடிக்கினு வண்டில ஏறு” என்றார்.

அப்சல் சுவிட்சைப் போட்டிருந்தார் பெரியம்மா. நட்சத்திரம் எல்லாம் எரியத்தான் செய்தன. அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

விடியும்வரை பேசினார்களாம். ரம்யா, இது நல்ல சகுனம், ஒரு புத்தகத்தில் இருக்கிறது, விளக்கு அணைந்தால்தான் அந்தக் கதையில் உலகத்துக்கே வெளிச்சம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள்.

பிரவீன் நேற்று கடைக்கு வந்தார். “அந்தப் புத்தகத்த எடுத்தாந்து எங்கம்மா கையில குடுங்க. பக்கத்தப் பிரிச்சு நானே படிச்சுக் காட்றேன். ஆடி பொறக்கறதுக்குள்ள குடுத்தா, ஆவணியில ஒரு பரிகாரம் பண்ணிட்டுக் கல்யாணத்த வெச்சுக்கலாம்” என்றார். அவருக்கு ரம்யா வேண்டும். புத்தகம் இருந்தால் போதும்.

பழைய தாள் கடைக்குப் போயிருந்தாலும் பெயரையாவது சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் வரவழைக்கிறேன்.

ஜெபீனா

*

வெள்ளிமலை,
8.6.2025

ஜெபீனாவுக்கு,

வாசலோடு திரும்பியது உண்மை. அவிழ்த்த வாழைமரத்தைப் பார்த்த பிறகு விசாரிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் மாடியேறியிருந்தால் ரம்யா என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பாள். அதைக் கேட்கும் வாய்ப்பை அவளுக்குத் தர நான் விரும்பவில்லை.

ஒரு திரி புகைந்ததற்காகப் பெண்ணை விட்டுவிட்டுப் போகிற குடும்பம் நாளை பால் பொங்கி வழிந்ததற்காக அவளை வீட்டைவிட்டு அனுப்பும். தன் தாயிடம் பேசுவதற்கு அச்சிட்ட தாள் ஒன்று வேண்டியிருக்கிற முப்பது வயதுப் பொறியாளனை நான் வருந்தத்தக்க இழப்பாகக் கருதவில்லை. உன்னைத் தேடிய மாயவனைப் பற்றி எழுதவே தாள் வீண்.

புத்தகம் கிடையாது. கரையான் அரித்துவிட்டது. பெயர் நினைவில்லை. இதை இத்தோடு விடு. உன் வேலை நன்றாக இருந்தது என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னதைக் கேட்டு விளக்கை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வி. விஜயலட்சுமி

*

கள்ளக்குறிச்சி,
21.6.2025

பெரியம்மாவுக்கு,

ஏப்ரலில் பழைய தாள் கடை என்றீர்கள். ஜூனில் கரையான் என்கிறீர்கள். இரண்டு கடிதமும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யோசித்துத்தான் எழுதுவேன் என்று சொன்னவர் நீங்கள்.

பிரவீன் நல்லவரா கெட்டவரா என்பது இப்போது பேச்சே இல்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர்கள் வீட்டில் யாரோ படித்த பையன் இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடியிருக்கிறான். ஏழடுக்கு மலை, விளக்கு, நட்சத்திரம் இல்லாத வானம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் தேடி, அப்படி ஒரு கதை உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டான். நானும் தேடினேன். இல்லை. இப்போது மாயவன் ஊரெல்லாம், “இல்லாத பொஸ்தகத்தப் படிச்சேன்னு சத்தியம் பண்ணுதுபா அந்தப் பொண்ணு, புத்தி பேதலிச்சிகினுகீது, நல்லவேள தப்பிச்சோம்” என்று சொல்கிறார்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் அவள் அப்பா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ராஜாங்கம் மாமா அவளை ஒரு டாக்டரிடமும் ஒரு பூசாரியிடமும் அழைத்துப் போயிருக்கிறார். கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. என்னைத் தனியாக அழைத்து, “ஜெபீ, பச்ச அட்ட தானே? எலி கடிச்சிருக்கும் தானே? நான் உங்கிட்ட முன்னாடியே சொல்லிக்கீறேன் தானே? நெசமாவே சொன்னேனா, இல்ல சொன்ன மாதிரி நெனச்சுக்கினேனா?” என்று கேட்டாள். பெரியம்மா, அவள் தன்னையே நம்ப மாட்டேன் என்கிறாள். மாவுக்கு எவ்வளவு சர்க்கரை என்றுகூட என்னை மூன்று முறை கேட்டாள். இரண்டு வருஷமாக அவள் கையால் பிசைகிற மாவு அது.

கல்யாணம் போனால் போகட்டும். அவளுக்காகச் சொல்லுங்கள். அவளைத் தவிர அந்தப் புத்தகத்தைப் பார்த்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஜெபீனா

*

வெள்ளிமலை,
27.6.2025

ஜெபீனாவுக்கு,

ரம்யாவை இங்கே அனுப்பி வை. எழுத முடியாததை நேரில் சொல்ல முயல்கிறேன். கறுப்புக் கயிற்றை வழியிலேயே அறுத்துப் போடச் சொல்.

வி. விஜயலட்சுமி

*

கள்ளக்குறிச்சி,
15.7.2025

பெரியம்மாவுக்கு,

அவள் வரவில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “அவங்க கல்யாணத்தன்னிக்கு வாசல்லயே திரும்பிப் போனவங்க. இப்ப நான் மல ஏறணுமா?” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நீங்கள் இறங்கி வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் மலை பஸ் வருகிற நேரமெல்லாம் கடைக்கு வெளியே வந்து நின்று பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை ராஜாங்கம் மாமா ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டி மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடித்தார். பாத்திரம், துணி எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். ரம்யா தானாகவே நடுவில் வந்து நின்றாள். “அப்படிப் பொஸ்தகம் எதுவும் இல்லீங்க. நானா கட்டிச் சொன்னது. பொய்தான். எம் மேலதான் தப்பு. கேக்கு செஞ்சவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பிரவீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது ராஜாங்கம் மாமா பெருமூச்சு விட்டு, “பொய்யின்னா பரவால்லமா, வேற எடம் பாக்கலாம். பைத்தியம்னாதான் கஷ்டம்” என்றார். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

ஆவணியில் பிரவீனுக்குக் கல்யாணம். வேறு பெண். நேற்று என் கடைக்கே ஆர்டர் வந்தது. வெள்ளைக் கேக், மேலே ரோஜாப்பூ, விளக்கு மெழுகுவத்தி எதுவும் கூடாதாம். நான் முடியாது என்றேன்.

ரம்யா ஒருமுறை கடைக்கு வந்தாள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அந்த நட்சத்திரங்களைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டாள். கரைகிறவரை நின்று பார்த்தாள். நான் தடுக்கவில்லை. “இனிமே கேக்கு வேலைக்கு என்னக் கூப்புடாத” என்று சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அவளுடைய சித்தி ராணியம்மாள் சொல்கிறார், சாயங்காலம் விளக்கு ஏற்றினால் அந்த அறையில் இருக்க மாட்டேன் என்று எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறாளாம்.

இனி நீங்கள் புத்தகம் அனுப்பினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

ஜெபீனா

*

வெள்ளிமலை,
20.7.2025

ஜெபீனாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு கட்டு வரும். நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீயே கையில் வாங்கு. அதற்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. பச்சைத் துணி அட்டை. வலது கீழ்மூலையை எலி கடித்திருக்கிறது. நெடியும் இன்னும் போகவில்லை. பழைய தாள் கடைக்கும் போகவில்லை, கரையானும் அரிக்கவில்லை, இத்தனை ஆண்டும் என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. ரம்யாவின் நினைவில் ஒரு பிழையும் இல்லை. அதை அவளிடம் காட்டு. அவள் கையில் கொடு.

பிறகு திறந்து பார். அது பட்ட வகுப்புக்கான பௌதிக வேதியியல் பாடநூல். வெப்ப இயக்கவியலும் வேதிச் சமநிலையும் அதில் இருக்கின்றன. அணையாவூர் அதில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இருபத்தோராண்டு ஒருவரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். செந்தமிழ்ச்செல்வி மூளைக்காய்ச்சலில் போனபோது ரம்யாவுக்கு ஆறு வயது. உடலை எடுத்த பிறகு, தங்கை கிடந்த இடத்தில் கருமாதி வரை எரிய வேண்டும் என்று ஓர் அகலை ஏற்றி வைத்தார்கள். வந்தவர்களில் எவளோ ஒரு புண்ணியவதி, “ஒங்கம்மா அந்த வெளக்குலதான் கீறா கண்ணு, அணையாம பாத்துக்கோ” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாள். குழந்தை அதை நம்பியது. விளக்கின் முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தது. சாப்பிட அழைத்தால் வரவில்லை, தூங்கவில்லை, காற்று வந்தால் இரண்டு கையையும் குவித்துக் காத்தது. உள்ளங்கை பொரிந்திருந்தது. ராஜாங்கத்திடம் சொன்னேன். “கொழந்த பாசங்க, வுட்டுடுங்க” என்றார்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். எல்லாரும் வாசலில் இருந்தார்கள். வினாத்தாள் தயாரிப்பதற்காக எடுத்துச் சென்றிருந்த இந்தப் புத்தகம்தான் என் கையில் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் உன் அம்மாவைப் பற்றிப் போட்டிருக்கிறது என்றேன். பக்கத்தைப் பிரித்து, வரிகளின்மேல் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தேன். அணையாவூர், ஏழடுக்கு, நட்சத்திரம் இல்லாத வானம். விளக்கில் அடைபட்டிருப்பவர்கள் வெளியே வர வேண்டுமானால் அவர்கள்மேல் அன்புள்ள இருவர் ஒரே மூச்சில் ஊத வேண்டும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “நெசமாவே பொஸ்தகத்துல போட்ருக்கா பெரிம்மா?” போட்டிருக்கிறது என்றேன். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் ஒரு சமன்பாடு இருந்தது. அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது.

நானும் அவளும் சேர்ந்து ஊதினோம். அவளை வெளியே தூக்கிச் சென்று வானத்தைக் காட்டினேன். அன்று மேகம் இல்லை; அது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த உதவி. அவள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். நான் திரும்பி வந்து, ஒருவரும் பார்ப்பதற்குள் விளக்கை மறுபடி ஏற்றி வைத்தேன். காலையில் அது எரிவதை அவள் பார்த்தாள். இது வேறு விளக்கு என்றேன்.

பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் கதையை வளர்க்க வேண்டியதாயிற்று. ஓடங்கள் வந்தன, படிகள் வந்தன. அவள் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தொடங்கிய ஆண்டு புத்தகம் தொலைந்தது. ஏன் சொல்லவில்லை, உன் ஏப்ரல் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்பாய். பெரியம்மா சொன்னதென்றால் அது ஆறுதல். அச்சில் இருந்தால் அது நடந்தது. அவள் தாய் வெளியே வந்தது அச்சில் இருந்ததால்தான். நான் வாய் திறந்தால் செந்தமிழ்ச்செல்வியை மறுபடி அந்த அகலுக்குள் அடைத்ததாகிவிடும் என்று இருந்துவிட்டேன். நாளடைவில் அந்த மேல்விவரம் அவளுக்கு மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன். தாயைப் பற்றிப் போட்டிருக்கிறது என்று நான் சொன்னது மறந்து, விளக்கும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சின. தன் கல்யாணத்துக்கு யாரை வரவழைக்கிறோம் என்று அறியாமலேயே அவள் உன்னிடம் விளக்கைக் கேட்டாள்.

நாலு பேர் நடுவில் தான் பொய் சொன்னதாக அவள் ஒப்புக்கொண்டாள் அல்லவா? அந்தப் பொய்யைச் சொன்னவள் அவள் இல்லை என்பதை அவளுக்குச் சொல். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். இதைப் படித்துக் காட்டினால் அவள் மலையேறி வரலாம், அல்லது என் முகத்தில் இனி விழிக்காமலே இருக்கலாம். இரண்டாவதுதான் நடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பிரவீன்குமாரின் தாயாரை அறியாமை பிடித்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும், திரி புகைந்த வாசனையை வைத்தே அது என்ன விளக்கு என்று கண்டுகொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது சரி. அது சாவு வீட்டு விளக்குதான்.

வி. விஜயலட்சுமி